ஏஐயும் கடைசி பெஞ்சும்: எங்கள் படிப்பகத்துக்கு வரும் கேள்விகள்

பகலில் அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். வாரத்தில் மூன்று மாலைகள் ஊர்ப் படிப்பகத்தில் உட்காருகிறேன். அங்கே ஒரு பழைய மடிக்கணினி, நன்கொடையாக வந்த இரண்டு கைப்பேசிகள், ஒரு கரும்பலகை, முப்பது பிள்ளைகள். செயற்கை நுண்ணறிவை, அதாவது ஏஐயை, அங்கே பயன்படுத்துகிறோம் என்று தெரிந்ததிலிருந்து பெற்றோர், சக ஆசிரியர்கள், நன்கொடை தர வருபவர்கள் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு கருவி வாங்கிக் கொடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடாதா?

வராது. தென் அமெரிக்காவின் பெரு நாடு இதைச் செய்து பார்த்துவிட்டது. 2008இல் தொடங்கி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கொடுத்தார்கள். 319 பள்ளிகளை வைத்து ஆய்வு செய்தபோது, சுமார் 15 மாதங்களுக்குப் பிறகும் கணக்கிலோ மொழியிலோ முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. கணினி வந்தது, அதை வைத்து எதைக் கற்பிப்பது என்பது கூடவே வரவில்லை.

எல்லோருக்கும் ஒரே அளவு கொடுப்பதும், அவரவர் நிற்கும் இடத்திலிருந்து கரையேறத் தேவையானதைக் கொடுப்பதும் வேறு வேறு வேலைகள். படித்த அப்பா அம்மா, தனி அறை, அதிவேக இணையம் எல்லாம் உள்ள பிள்ளையின் கையில் ஏஐ கிடைத்தால் அவன் மேலும் ஓடுவான். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அதே செயலியைக் கொடுத்தால் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆகவே யார் வந்து என்ன கருவி தரட்டும் என்று கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: இதனால் கடைசி பெஞ்சுக்கு என்ன லாபம்?

சரி, கடைசி பெஞ்சுக்கு என்னதான் லாபம்?

ட்யூஷன். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளியில் பாதியை அந்த ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடலாம். பிள்ளைகளின் படிப்பை வீடு வீடாகக் கணக்கெடுக்கும் அசர் அறிக்கையின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பின்படி கிராமப்புற இந்தியாவில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளில் 30.5 விழுக்காட்டினர் காசு கொடுத்து ட்யூஷன் போகிறார்கள். 2018இல் இது 26.4 விழுக்காடு. மீதிப் பேர் சந்தேகத்தை யாரிடம் கேட்பார்கள்? என் வகுப்பில் 42 பேர். பாடவேளை 45 நிமிடம். வருகைப் பதிவையும் கழித்தால் தலைக்கு ஒரு நிமிடம்கூடத் தேறாது.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தாள். மேலே மேலே கூட்டு, கீழே கீழே கூட்டு. நாடு முழுக்கப் பிள்ளைகள் செய்யும் தப்பு. வகுப்பில் இருந்திருந்தால் சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த நோட்டுக்குப் போயிருப்பேன். படிப்பகத்தில் அவள் அதைப் படமெடுத்து ஏஐயிடம் காட்டினாள். 'தவறு' என்று அது சொல்லவில்லை. "அரை தோசையோடு இன்னும் கொஞ்சம் தோசை சேர்த்தால் அரையைவிட அதிகமாகுமா, குறையுமா?" என்று கேட்டது. அதிகமாகும் என்றாள். "அப்படியானால் 2/5 என்பது அரையைவிட அதிகமா?" இந்த இடத்தில் அவளுக்குப் பதில் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அவளுடைய சிக்கல் கூட்டலில் இல்லை. எது பெரிய பின்னம் என்று பார்க்கவே அவள் கற்றிருக்கவில்லை. ஏழாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலாம் வகுப்பில் நின்றுகொண்டிருந்தாள்.

இந்த நிலை அவள் ஒருத்திக்கு மட்டும் இல்லை. டெல்லியில் 2015இல் மைண்ட்ஸ்பார்க் என்ற கணினிவழிப் பயிற்சியைக் கொண்டு கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 619 பிள்ளைகள், யாருக்கு இடம் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது; ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பள்ளம் நாலரை வகுப்பாகியிருந்தது. பயிற்சி பெறாத குழுவில், வகுப்பின் அடிமட்ட மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் அந்த மாதங்களில் பள்ளிக்கூடத்தில் முன்னேறவே இல்லை. பாடம் அவர்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. மைண்ட்ஸ்பார்க் ஒவ்வொரு பிள்ளையின் நிலையையும் சோதித்து அங்கிருந்து தொடங்கியது. நாலரை மாதங்களில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது.

ஆய்வை மேற்கோள் காட்டும் பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்த மையங்களில் தினமும் 45 நிமிடம் கணினி என்றால், இன்னொரு 45 நிமிடம் ஓர் உதவியாசிரியர் பத்துப் பதினைந்து பேரை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். கணினி தனியாக இதைச் சாதித்தது என்று சொல்ல முடியாது.

ஏஐ என்றால் சாட்ஜிபிடிதானே?

அது ஒரு வகை. 2022 நவம்பர் கடைசியில் அது வந்த பிறகு எல்லோரும் அதையே ஏஐ என்கிறார்கள். பிள்ளை படிக்கும் குரலைக் கேட்டுத் தடுமாறும் சொல்லைத் திருத்துவது, பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றுவது, அச்சுப் பக்கத்தை எழுத்தாக்கிப் படித்துக் காட்டுவது, பேச்சை எழுத்தாக்குவது எல்லாமே ஏஐ வேலைகள்தான். எங்கள் படிப்பகத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரட்டை இயந்திரம் கிடையாது. வாசிப்புச் செயலி மட்டும்.

எங்கள் ஊரில் சிக்னலே ஒழுங்காக வராது. இதெல்லாம் நகரத்துக்காரர்களுக்குத்தானே?

கானாவில் ரோரி என்ற கணக்கு உதவியாளரை வாட்ஸ்அப் வழியாகவே நடத்தினார்கள். காணொளி கிடையாது, எழுத்து மட்டும். அதனால் மெதுவான இணையமே போதுமாக இருந்தது. 3 முதல் 9ஆம் வகுப்பு வரை சுமார் ஆயிரம் பிள்ளைகள், வாரத்துக்கு இரண்டு முறை அரை மணி நேரம், எட்டு மாதங்கள். பயன்படுத்திய பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கணக்கில் முன்னே போயிருந்தார்கள். கைப்பேசியைப் பள்ளியே கொடுத்தது. பெரியவர் ஒருவர் மேற்பார்வை பார்த்தார்.

நைஜீரியாவின் பெனின் நகரத்தில் 2024இல் உலக வங்கி ஒரு சோதனை நடத்தியது. பள்ளி முடிந்ததும் கணினி அறையில், ஆசிரியர் துணையோடு, ஆறு வாரம் ஏஐ உதவியுடன் ஆங்கிலம். பலன் நன்றாகவே இருந்தது. ஆனால் மிக அதிகப் பலன் பெற்றவர்கள் யார் தெரியுமா? ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண்கள். பெண்கள் என்பது மகிழ்ச்சி. ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்கள் என்பதை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

விடையை அதுவே சொல்லிவிடுகிறதே. பிள்ளை மூளை மழுங்கிவிடாதா?

பெற்றோர் கேட்கும் கேள்விகளில் இதுதான் முதலிடம். இந்தப் பயம் நியாயமானது. வெறும் பழமைவாதம் என்று ஒதுக்க மாட்டேன்.

துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் புத்தகமும் குறிப்புகளும் மட்டும். இரண்டாவது குழுவுக்கு ஜிபிடி-4 என்ற, சாட்ஜிபிடி வகை வழக்கமான அரட்டை. மூன்றாவது குழுவுக்கும் அதே இயந்திரம்தான். ஆனால் ஆசிரியர்கள் அதற்கு முன்கூட்டியே விடைகளையும், மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்புகளையும் சொல்லிக்கொடுத்து, 'விடையைச் சொல்லாதே, வழியை மட்டும் காட்டு' என்று கட்டுப்படுத்தியிருந்தார்கள். பயிற்சிக் கணக்குகளில் இரண்டாவது குழு 48 விழுக்காடும் மூன்றாவது குழு 127 விழுக்காடும் கூடுதலாகச் செய்தன. பிறகு கருவியைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்தார்கள். வழக்கமான அரட்டையைப் பயன்படுத்தியவர்கள், ஏஐயையே பார்க்காதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக மதிப்பெண் பெற்றார்கள். மூன்றாவது குழுவுக்கு அந்த நஷ்டம் பெரும்பாலும் இல்லை, லாபமும் இல்லை.

இதில் இன்னும் கவலையான செய்தி: தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதே இரண்டாவது குழுவுக்குத் தெரியவில்லை. நன்றாகப் படித்துவிட்டதாகவே நினைத்தார்கள். கோனார் நோட்ஸைப் பார்த்து எழுதிய எங்கள் தலைமுறைக்குப் பார்த்து எழுதுகிறோம் என்றாவது தெரியும்.

இது சமத்துவத்தோடு எப்படித் தொடர்புபடுகிறது என்றால், கட்டுப்பாடு வைத்த நல்ல கருவி கட்டணம் கட்டுபவர் வீட்டுக்கும் கட்டுப்பாடற்ற இலவச அரட்டை மற்றவர்களுக்கும் என்று பிரிந்துவிட்டால், ஏழைப் பிள்ளை கையில் மிஞ்சுவது அந்த 17 விழுக்காட்டு நஷ்டம்தான். எங்கள் படிப்பகத்தில் ஏஐயிடம் போகும் முன் நோட்டில் மூன்று வரியாவது எழுதியிருக்க வேண்டும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. வெறும் நோட்டோடு வருபவருக்குக் கைப்பேசி கிடையாது.

தமிழில் கேட்டால் ஒழுங்காகப் பதில் வருமா?

முன்பைவிட நன்றாக வருகிறது. ஆங்கிலத்துக்குச் சமமாக வரவில்லை. காரணம் பல. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், தமிழ்வழிப் பிள்ளைகள் விஷயத்தில் அநியாயம் ஒளிந்திருக்கும் இடம் இதுதான்.

முதலில் கணினிக்குள் தமிழ் நுழையும் விதம். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில், பரவலாகப் பயன்படும் யுடிஎஃப்-8 குறியேற்றத்தில், ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் (கணினி இடத்தை அளக்கும் சிறு அலகு). தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட். 'பள்ளி' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ப, ள, புள்ளி, ள, இகரக் குறி என்று ஐந்து குறிகள், 15 பைட். ஆங்கிலத்தில் அதே சொல் ஆறு பைட்டில் முடிந்துவிடும். சாட்ஜிபிடி போன்றவற்றுக்குள் இயங்கும் மொழி மாதிரிகள் இந்த பைட்டுகளைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் படிக்கின்றன. அந்தத் துண்டுக்கு டோக்கன் என்று பெயர். கட்டணமும் நினைவுக் கொள்ளளவும் டோக்கன் கணக்கில்தான். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது அவர்களே ஓர் எடுத்துக்காட்டு கொடுத்தார்கள்: ஒரு சிறிய வணக்கச் செய்தி தமிழில் பழைய முறையில் 116 டோக்கன், புதிய முறையில் 35. ஆங்கிலத்தில் அதே செய்தி 27இலிருந்து 24 ஆனது. ஆக, அதுவரை தமிழில் கேட்டவர் ஆங்கிலத்தில் கேட்டவரைவிட நாலு மடங்குக்கு மேல் துண்டுகளைச் செலவழித்துக்கொண்டிருந்தார். இப்போது ஒன்றரை மடங்கு. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் இன்னும் சமமாகவில்லை.

அடுத்தது கலைச்சொல். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. ஒருமுறை எங்கள் பையன் "தொகுதி என்றால் என்ன?" என்று மட்டும் கேட்டான். சட்டமன்றத் தொகுதியைப் பற்றி அரைப் பக்கம் வந்தது. அவனும் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "இதில் எதை எதால் வகுக்க வேண்டும் சார்?" என்று கேட்டான். பகா எண்ணுக்கு 'முதன்மை எண்' என்று ஆங்கிலத்திலிருந்து நேராகப் பெயர்த்துப் போடுவதையும் பார்த்திருக்கிறேன். பாடநூலில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்துக் கிடைக்காத பிள்ளை, தப்பு தன்னிடம்தான் என்று நினைத்துக்கொள்ளும்.

இதிலும் ஊருக்கு ஊர் மாறும். மீச்சிறு பொது மடங்கும் மீப்பெரு பொதுக் காரணியும் நம் பாடநூலில் மீ.சி.ம., மீ.பெ.கா.; இலங்கையில் பொ.ம.சி., பொ.கா.பெ. இங்கே ஒளிச்சேர்க்கை, அங்கே ஒளித்தொகுப்பு. இங்கே செல், அங்கே கலம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குத் தமிழ்நாட்டுச் சொல்லில் விடை வந்தால் அதுவும் பாதி வெளிநாட்டு மொழிதான். நாங்கள் செய்வது எளிய வேலை: பாடநூலின் கலைச்சொல் பட்டியலைப் படமெடுத்து முதலில் அனுப்பிவிட்டு, 'இந்தச் சொற்களையே பயன்படுத்து' என்று சொல்கிறோம். பெரும்பாலும் கேட்டுக்கொள்கிறது.

மூன்றாவது, பேச்சு. தட்டச்சு தெரியாத பிள்ளைக்குக் குரல்தான் வாசல். ஆனால் நாம் எழுதும் தமிழ் ஒன்று, பேசும் தமிழ் இன்னொன்று. செய்தி வாசிப்பவரின் தமிழில் பழகிய இயந்திரத்துக்கு எங்கள் ஊர் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் பேச்சு பிடிபடுவதில்லை. சென்னை ஐஐடியில் இயங்கும் ஏஐ4பாரத் குழு 22 இந்திய மொழிகளில் பேச்சைத் திரட்டி வெளியிட்டிருக்கிறது. 2022இல் தொடங்கிய மத்திய அரசின் பாஷினி திட்டமும் இதே திசையில்தான் போகிறது. என் ஆசை, அந்தத் திரட்டில் மீனவர் குப்பத்துப் பிள்ளையின் குரலும் மலைக் கிராமத்துப் பிள்ளையின் குரலும் போதுமான அளவு சேர வேண்டும் என்பது. குரலைக் கொடுக்காதவரின் பேச்சு அதற்குப் புரியாமலேதான் இருக்கும்.

பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்கு?

என்னைக் கேட்டால் இந்தத் தொழில்நுட்பம் தன் கூலியைச் சம்பாதித்துவிட்ட இடம் இதுதான். என்விடிஏ என்ற, திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் திரை வாசிப்பான் 2006இலிருந்து இருக்கிறது, பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் தொடங்கிய, முற்றிலும் இலவசமான மென்பொருள், தமிழும் படிக்கும். ஆனால் அதனிடம் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்த பிடிஎஃப் கோப்பைக் கொடுத்தால் பொருளற்ற ஒலிகளாக உளறும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துக் குப்பை. பல வருடங்கள் நம் பார்வையற்ற மாணவர்கள் யாராவது படித்துக் காட்டுவார்களா என்று காத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இன்று அந்தப் பக்கத்தையே படமாக எடுத்துக் கொடுத்தால் ஏஐ எழுத்துகளை அடையாளம் கண்டு யூனிகோடாக மாற்றிவிடுகிறது. படத்தில் என்ன இருக்கிறது என்றும் சொல்கிறது. இதயத்தின் குறுக்குவெட்டுப் படத்தைச் சொல்லால் கேட்ட பிளஸ் ஒன் மாணவர் ஒருவர் அதை நான்கு முறை திரும்பத் திரும்பக் கேட்டார். நாங்கள் யாரும் ஒரு முறைக்கு மேல் சொல்லியிருக்க மாட்டோம், அதுதான் உண்மை.

காது கேளாதவர்களுக்கு, பேசப் பேசத் திரையில் வரும் எழுத்து வரிகள் உதவும். ஆனால் சைகை மொழிக்கு அது மாற்று ஆகாது. பிறவியிலிருந்தே சைகையில் வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்தே இரண்டாம் மொழி.

விடைத்தாள் திருத்துவதையும் மதிப்பெண் போடுவதையும் இயந்திரத்திடம் விட்டால் பாரபட்சம் இருக்காதே?

இந்த நம்பிக்கையை 2020 ஆகஸ்டில் இங்கிலாந்து தொலைத்தது. கொரோனாவால் பள்ளி இறுதித் தேர்வு நடக்கவில்லை. ஆசிரியர்கள் தந்த மதிப்பீட்டை ஒரு கணக்கீட்டு முறை திருத்தியது. அந்தப் பள்ளியில் முந்தைய ஆண்டுகளில் எப்படி மதிப்பெண் வந்தது என்பதை அது பெரிதாக எடுத்துக்கொண்டது. சுமார் 39 விழுக்காடு மதிப்பெண்கள் ஆசிரியர் கொடுத்ததைவிடக் குறைந்தன. பின்தங்கிய பகுதிப் பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை, தனக்கு முன்னே படித்தவர்களின் மதிப்பெண்ணைச் சுமக்க வேண்டியிருந்தது. மிகச் சிறிய வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் மதிப்பீடே அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்டது. ஐந்தாறு பேர் மட்டும் படிக்கும் வகுப்புகள் எந்தப் பள்ளிகளில் இருக்கும்? கட்டணம் கட்டும் தனியார் பள்ளிகளில். ஆகஸ்ட் 13 அன்று முடிவு வெளியானது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 17ஆம் தேதி அரசு பின்வாங்கி ஆசிரியர் மதிப்பீட்டையே ஏற்றது. பிரதமர் போரிஸ் ஜான்சன் பிற்பாடு பழியை அல்காரிதம், அதாவது அந்தக் கணக்கீட்டு முறையின் மேல் போட்டார். பாவம், அது சொன்னதைத்தான் செய்தது. அதுவும் ஏஐகூட இல்லை; வெறும் புள்ளியியல் சூத்திரம். இன்றைய மாதிரிகளுக்குள் என்ன நடக்கிறது என்று அந்த அளவுக்குக்கூட யாரும் பிரித்துப் பார்க்க முடியாது.

பயிற்சித் தாள்களைத் திருத்த நான் ஏஐயைப் பயன்படுத்துகிறேன். பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் தாளை அதனிடம் கொடுக்க மாட்டேன்.

மாணவர் எழுதிய கட்டுரை ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவி வாங்கலாமா?

வேண்டாம். 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது சராசரியாக 61 விழுக்காட்டுக்கும் மேல் 'இயந்திரம் எழுதியது' என்று முத்திரை குத்தப்பட்டது. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளுக்கு அந்தச் சிக்கல் ஏறக்குறைய இல்லை. எளிய சொல், நேரான வாக்கியம் என்றால் இந்தக் கருவிகளுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போய் முதன்முதலாக ஆங்கிலத்தில் எழுதும் நம் பிள்ளைகள் எப்படி எழுதுவார்கள்? எளிய சொல், நேரான வாக்கியம்.

படிப்பை நிறுத்திவிடக்கூடிய பிள்ளைகளை முன்கூட்டியே கண்டுபிடிக்க உதவுமாமே?

உதவலாம், யாரிடம் அந்தப் பட்டியல் போகிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் பத்தாண்டுகளாக இப்படி ஒரு முன்னெச்சரிக்கை முறையை வைத்திருந்தது. 2023இல் ஒரு செய்தி நிறுவனம் ஆராய்ந்தபோது, 'இவர் உரிய காலத்தில் முடிக்க மாட்டார்' என்று அது சொன்னதில் ஏறக்குறைய முக்கால்வாசி தவறு என்று தெரிந்தது. கறுப்பின மாணவர்களுக்கு விழுந்த பொய் எச்சரிக்கை வெள்ளையின மாணவர்களைவிட 42 விழுக்காட்டுப் புள்ளிகள் அதிகம். 'இவன் தேற மாட்டான்' என்ற பட்டியலை வாங்கிய ஆசிரியர் அந்தப் பிள்ளையை எப்படிப் பார்ப்பார்? நம் ஊரில் அதற்கு இயந்திரம் தேவையில்லை. தெருப் பெயரைக் கேட்டே முடிவு செய்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழக்கத்துக்குக் கணினி அச்சில் ஒரு சான்றிதழ் கொடுத்துவிடக் கூடாது. தொடர்ந்து ஏழு நாள் வராத பிள்ளையின் பெயரைக் காட்டட்டும், போதும். வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டும் வேலையை நாங்கள் செய்கிறோம்.

வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் அண்ணன் கையில். பெண் பிள்ளை என்ன செய்வாள்?

2023ஆம் ஆண்டின் அசர் அறிக்கை 14 முதல் 18 வயது வரையிலான கிராமப்புறப் பிள்ளைகளைக் கேட்டது. ஸ்மார்ட்ஃபோன் பயன்படுத்தத் தெரிந்த ஆண்களில் 43.7 விழுக்காட்டினரிடம் சொந்தக் கைப்பேசி இருந்தது, பெண்களில் 19.8 விழுக்காட்டினரிடம் மட்டும். அதனால்தான் 'வீட்டில் போய்ச் செயலியைத் திறந்து படி' என்று சொல்லும் எந்தத் திட்டத்தையும் நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன். கருவி பொது இடத்தில், பெரியவர் ஒருவரின் கண்ணெதிரில், முறை வைத்துக் கிடைக்க வேண்டும். எங்கள் முறைப் பட்டியலில் பெண் பிள்ளைகளுக்கு ஐந்தரை மணி. இருட்டும் முன் வீடு திரும்ப வேண்டுமே. பையன்கள் அதற்குப் பிறகு. ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள், இப்போது பழகிவிட்டது.

அப்படியானால் இனி ஆசிரியர் தேவையில்லை என்கிறீர்களா?

நேர்மாறு. தமிழ்நாட்டில் கொரோனாவால் பள்ளிகள் ஒன்றரை வருடம் மூடிக்கிடந்தன. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் திண்ணையிலும் சாவடியிலும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதங்களில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், மீண்டதில் சுமார் 24 விழுக்காடு இந்தத் திட்டத்தால் வந்தது என்றும் முரளிதரன், அபிஜித் சிங் ஆய்வு காட்டியது. ஏஐ எதுவும் இல்லை. சாக்பீஸ், பாட்டு, பக்கத்து வீட்டு அக்கா.

அந்த அக்காவின் கையில் ஏஐயைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குச் சுவையான கேள்வி. 2024இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்று இதற்குப் பக்கத்தில் வந்தது. ஏஐ மாணவரிடம் பேசவில்லை; சொல்லிக்கொடுப்பவரிடம் மட்டும், 'இப்படிக் கேட்டுப் பாருங்கள்' என்று யோசனை சொன்னது. 900 பயிற்றுநர்கள், 1,800 மாணவர்கள். பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்கள் 4 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடினார்கள். தர மதிப்பீட்டில் பின்தங்கிய பயிற்றுநர்களிடம் படித்தவர்களுக்கு அது 9 புள்ளிகள். ஒரு பயிற்றுநருக்கு வருடத்துக்கு சுமார் 20 டாலர் செலவு. பயிற்சி குறைந்த தன்னார்வலர்களை நம்பி நடக்கும் இடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பயன்பாடு எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளின் தகவல் எங்கே போகிறது? வயது வரம்பு உண்டா?

யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட வழிகாட்டியில் வகுப்பறையில் அரட்டை வகை ஏஐயைத் தானே பயன்படுத்தக் குறைந்தது 13 வயது என்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழுள்ள அனைவரையும் குழந்தை என்கிறது. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். எங்கள் விதி: படிப்பகத்தின் பொதுக் கணக்கு மட்டும், பெயர், பள்ளி, முகம் எதுவும் உள்ளே போகாது. நோட்டைப் படமெடுக்கும்போது பெயர் எழுதிய மூலையை விரலால் மறைக்கப் பிள்ளைகளே பழகிவிட்டார்கள்.

நாளைக்கே தொடங்க வேண்டும் என்றால் என்ன எழுதிக் கேட்பது?

நாங்கள் அட்டையில் எழுதி ஒட்டியிருப்பது இது: "நீ ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர். விடையைச் சொல்லாதே. என் நோட்டைப் பார்த்து முதலில் தப்பு நடந்த வரியை மட்டும் காட்டு. பிறகு ஒரு சின்னக் கேள்வி கேள். நான் பதில் சொன்ன பிறகு அடுத்தது. பத்து வார்த்தைக்குள் பேசு. தமிழ்நாட்டுப் பாடநூல் சொற்களைப் பயன்படுத்து." வகுப்பை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கைப்பேசிக்கு நான்கு பிள்ளைகள் போதும். ஒருவர் படிக்க, ஒருவர் எழுத, இருவர் சண்டை போட. அந்தச் சண்டையில்தான் பாதிக் கணக்கு புரிகிறது.

அதுவே தப்பாகச் சொன்னால்?

சொல்லும், அதுவும் துளித் தயக்கம் இல்லாமல். அதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறோம். அட்டையில் 'ஏஐ செய்த தப்புகள்' என்று பிள்ளைகளே எழுதியிருக்கிறார்கள். கண்டுபிடித்தவர் தேதி போட்டு, தப்பையும் திருத்தத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இதுவரை 31 பதிவுகள். அவற்றில் ஏழு, 2/5 எழுதிய அந்தப் பெண்ணுடையவை. கடைசிப் பதிவு போன வாரத்தியது: '91 பகா எண் என்று சொன்னது. 7 × 13.'